பி.காமா, பி.சி.ஏ.வா, இரண்டும் கலந்ததா? சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேரப்போகிறவர்களுக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஏதாவது ஒரு கல்லூரியின் சேர்க்கை அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். பி.காம். பொது, பி.காம். கணக்கியலும் நிதியும், பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், பி.காம். வங்கி மேலாண்மை, பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், பி.காம். ஐ.எஸ்.எம். (தகவல் முறைமை மேலாண்மை), பி.பி.ஏ., பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், அதிலேயே டேட்டா சயின்ஸ் தனி, ஏ.ஐ. தனி. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கும் கூட வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் தலை சுற்றுவதில் ஆச்சரியம் இல்லை. கடைசியில் பலர், 'கம்ப்யூட்டர்' என்ற சொல் எதில் இருக்கிறதோ அதற்கு டிக் அடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

பெயரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். மூன்று வருஷத்தில் எத்தனை கணக்கியல் தாள், எத்தனை புரோகிராமிங் தாள், கணிதம் உண்டா இல்லையா? இந்த மூன்றையும் எண்ணிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே சொல்வது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியது. மற்ற மாவட்டத்துப் பல்கலைக்கழகங்களிலும் பெரும்பகுதி இப்படித்தான்.

பல்கலைக்கழகம், கல்லூரி, ஷிப்ட்

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்துக்குப் போய் பி.காம். சீட் கேட்டால் கிடைக்காது. அங்கே நடப்பது பெரும்பாலும் முதுகலையும் ஆராய்ச்சியும். இளநிலைப் படிப்பு ஏறக்குறைய முழுக்க இணைப்புக் கல்லூரிகளில்தான். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம், பாடம் நடத்துவது கல்லூரி.

கல்லூரிகளில் தன்னாட்சி பெற்றவை உண்டு, பெறாதவை உண்டு. லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி, எத்திராஜ், டி.ஜி. வைஷ்ணவ் போன்றவை தன்னாட்சி. பாடத்திட்டம், வினாத்தாள், தேர்வு முடிவு எல்லாம் அவர்கள் கையில். தன்னாட்சி இல்லாத கல்லூரியில் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமும் வினாத்தாளும். இரண்டிலும் கையில் வரும் பட்டச் சான்றிதழ் சென்னைப் பல்கலைக்கழகத்துடையதே. ஆனால் ஒரே பெயருள்ள படிப்பு இரண்டு தன்னாட்சிக் கல்லூரிகளில் நிறையவே வேறுபடலாம். அதனால் பக்கத்துக் கல்லூரியில் பி.சி.ஏ. படித்தவர் சொன்னதை வைத்து இந்தக் கல்லூரியின் பி.சி.ஏ.வை எடை போடாதீர்கள்.

அடுத்தது ஷிப்ட். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் காலை ஷிப்ட் பெரும்பாலும் உதவி பெறும் பிரிவு. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, கட்டணம் குறைவு. மதியத்துக்கு மேல் நடக்கும் இரண்டாம் ஷிப்ட் சுயநிதிப் பிரிவு. அங்கே சம்பளமும் மாணவர் கட்டும் பணத்திலிருந்துதான். கணினிப் படிப்புகள் கல்லூரிகளில் பரவிய காலத்தில் புதிய படிப்புகளுக்கு அரசு உதவி கிடைப்பது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. எனவே பி.காம். பொது உதவி பெறும் பிரிவிலும், பி.சி.ஏ., பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் போன்றவை சுயநிதிப் பிரிவிலும் இருப்பதுதான் வழக்கம். ஒரே வாசல், ஒரே கட்டடம், கட்டணம் மட்டும் பல மடங்கு. "அந்தக் காலேஜில் ஃபீஸ் கம்மி" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவில் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஷிப்ட் நேரத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. பவுண்டேஷன் கோச்சிங் போகிறவர்களுக்குக் காலை ஷிப்ட் வசதி, மதியம் கைக்கு வந்துவிடும். பகுதிநேரம் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர்களும் இதைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு கீபோர்டு பில்லை வைத்துப் பார்ப்போம்

ரிச்சி தெருவில் ஒரு கடை. ஒருவர் கீபோர்டு வாங்குகிறார். விலை 1,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180. இந்த ஒரு பில்லை ஒவ்வொரு வகுப்பிலும் எப்படிப் பார்ப்பார்கள்?

பி.காம். வகுப்பில் முதலில் பதிவு போடச் சொல்வார்கள். ரொக்கக் கணக்கு பற்று 1,180. விற்பனைக் கணக்கு வரவு 1,000, மத்திய ஜி.எஸ்.டி. வரவு 90, மாநில ஜி.எஸ்.டி. வரவு 90. அந்த 180 கடைக்காரர் பணம் இல்லை, அரசுக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு என்பது மண்டையில் ஏற வேண்டும். கீபோர்டைக் கொள்முதல் செய்தபோது அவர் கட்டிய வரியை இதில் கழித்துக்கொள்ளலாம், அது உள்ளீட்டு வரி வரவு. பொருள் திரும்பி வந்தால் என்ன பதிவு, வருஷக் கடைசியில் இருப்புநிலைக் குறிப்பில் இது எங்கே போய் உட்காரும் என்று தொடர்ந்து போகும். அடுத்தடுத்த செமஸ்டர்களில் அடக்கவிலைக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், வருமான வரி, தணிக்கை. பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் ஐந்தொகை சமமாக வந்தபோது ஒரு சந்தோஷம் வந்ததா? அப்படியானால் இது உங்கள் இடம்.

பி.சி.ஏ. வகுப்பில் அதே பில் ஒரு டேட்டாபேஸ் பிரச்சினை. வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள், பொருளுக்கு ஒரு டேபிள், பில்லுக்கு ஒரு டேபிள். ஒரே பில்லில் ஐந்து பொருள் இருந்தால் ஒரு வரியில் அடைக்க முடியாது, பில்லின் விவரத்துக்கு இன்னொரு டேபிள் வேண்டும். ஸ்டாக்கில் ஒன்று குறைத்தாயிற்று, பில் பதிவாகும் முன் கரண்ட் போய்விட்டது. இப்போது என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் அங்கே பாடம். சி, ஜாவா, பைதான், டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்று போகும். லேபில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, விட்டுப்போன ஒரு அரைப்புள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை வேண்டும். அது எரிச்சலாக இருந்தால் மூன்று வருஷமும் எரிச்சல்தான்.

பி.எஸ்சி. கணினி அறிவியலும் ஏறத்தாழ இதே பாடங்கள். துணைப்பாடத்தில்தான் பெரும்பாலும் வித்தியாசம். பி.எஸ்சி.யில் கணிதம் கட்டாயத் துணைப்பாடமாக இருக்கும். பி.சி.ஏ.வில் சில கல்லூரிகள் கணிதம் வைக்கும், சில கணக்கியல் வைக்கும். சின்ன வித்தியாசம் மாதிரி தெரிகிறது, ஆனால் பின்னால் பெரிதாக உதைக்கும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பி.பி.ஏ. வகுப்பில் கேள்வியே வேறு. பக்கத்துக் கடைக்காரர் அதே கீபோர்டை 950க்குக் கொடுக்கிறார், நாம் என்ன செய்வது? ஸ்டாக்கில் 200 தேங்கி நிற்கிறது, தள்ளுபடி போடலாமா, மவுஸோடு சேர்த்துக் கொடுக்கலாமா? கடைப் பையன் மாதக் கடைசியில் நின்றுவிடுகிறான், ஏன்? மார்க்கெட்டிங், மனிதவளம், நிறுவன நடத்தை, கொஞ்சம் கணக்கியல், நிறைய பிரசன்டேஷன். எம்.பி.ஏ. போவது உறுதி என்பவர்களுக்கும், வீட்டில் ஏற்கெனவே தொழில் இருப்பவர்களுக்கும் நல்ல படிப்பு. வெறும் பி.பி.ஏ.வோடு நிறுத்தப்போகிறோம் என்றால் கையில் ஒரு திறன் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். என் கருத்து இது, கல்லூரிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சரி, பி.காம். சி.ஏ.? இதில் 'சி.ஏ.' என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆகும் சி.ஏ.வுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வருஷா வருஷம் சில பெற்றோர் இந்த இடத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். படிப்பின் முதுகெலும்பு வணிகவியல்தான். செமஸ்டருக்கு ஒரு கணினித் தாள், அதற்கு ஒரு லேப். டேட்டாபேஸ், வெப் டிசைன், ஏதாவது ஒரு புரோகிராமிங் மொழி, கணக்கு எழுதும் மென்பொருளான டேலி என்று இருக்கும். வேலைக்கு எடுப்பவர்கள் இவர்களைக் கணினி நன்றாகக் கையாளும் வணிகவியல் பட்டதாரி என்றுதான் பார்ப்பார்கள். கணக்குத் தெரிந்து எக்செல், டேட்டாபேஸ் இரண்டையும் லாவகமாகக் கையாளும் ஆளுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது. புரோகிராமர் வேலைதான் இலக்கு என்றால் இந்தப் படிப்பு போதாது.

கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப்பில் கம்பெனிச் சட்டம் கூடுதல். கம்பெனி செக்ரட்டரி தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் உதவும். வங்கி மேலாண்மை, மார்க்கெட்டிங் மேலாண்மை எல்லாம் பி.காம். பொதுவில் நாலைந்து தாளை மாற்றிப்போட்டவை. டேட்டா சயின்ஸ், ஏ.ஐ. என்று புதிதாகப் பெயர் சூட்டிய பி.எஸ்சி.களில் அந்தப் பாடங்களை நடத்த யார் இருக்கிறார்கள் என்று துறையிலேயே கேளுங்கள். "ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் வந்தால் பழைய பி.எஸ்சி. கணினி அறிவியலே மேல்.

பிளஸ் டூவில் என்ன குரூப்?

பி.காம். வகைகளுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பி.பி.ஏ.வுக்குப் பெரும்பாலும் எந்த குரூப்பும் சரி. பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியலுக்குக் கணிதம், வணிகக் கணிதம், கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் போன்றவற்றில் ஒன்றையாவது கேட்பார்கள். எது எது செல்லும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும், விளக்கக் கையேட்டில் தகுதி என்ற பத்தியைப் படித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

காமர்ஸ் குரூப்பில் கணினிப் பயன்பாடுகள் படித்த பிள்ளைக்கு பி.காம்., பி.சி.ஏ. இரண்டு பக்கமும் வழி திறந்திருப்பது இதனால்தான். சயின்ஸ் குரூப்பிலிருந்து பி.காம். வர விரும்புகிறவர்களுக்கு எல்லா இடத்திலும் கதவு திறக்காது.

கணிதத்தைத் தட்டிக்கழித்தால் எங்கே மாட்டும்

"மேத்ஸ் இல்லாத கம்ப்யூட்டர் கோர்ஸ் எது?" என்று கேட்காத பிள்ளை அபூர்வம். இருக்கிறது. ஆனால் அதன் விலை மூன்றாம் வருஷத்தில்தான் தெரியும்.

எம்.சி.ஏ. எடுத்துக்கொள்ளுங்கள். 2020-21 முதல் அது இரண்டு வருஷப் படிப்பு. சேர, பொதுவாகப் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் கணிதம் இல்லை, பி.சி.ஏ.விலும் கணிதத் தாள் இல்லை என்றால் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். திருச்சி என்.ஐ.டி. உள்ளிட்ட என்.ஐ.டி.களில் எம்.சி.ஏ. சேர 'நிம்செட்' நுழைவுத்தேர்வு. அதன் வினாத்தாளில் கணிதத்துக்குத்தான் பெரிய பங்கு.

பி.எஸ்சி. முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரும் வழி தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கேயும் கணிதம் படித்த பி.எஸ்சி. என்றுதான் நிபந்தனை. விப்ரோ நிறுவனம் பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, கூடவே எம்.டெக். படிக்க வைக்கும் ஒரு திட்டம் நடத்துகிறது. அதன் அறிவிப்புகளில் பட்டப்படிப்பில் ஒரு கணிதத் தாள் கட்டாயம் என்றும், வணிகக் கணிதம் கணக்கில் வராது என்றும் போட்டிருந்தார்கள். இப்படி நிபந்தனை வைப்பவர்கள் பலர், ஒவ்வொருவர் வைப்பதும் ஒரு தினுசு.

ஆகவே பிளஸ் டூவில் கணிதம் இல்லாமல் பி.சி.ஏ. சேர்கிறீர்கள் என்றால், முதல் இரண்டு செமஸ்டரின் துணைப்பாடம் கணிதமாக இருக்கும் கல்லூரியைத் தேடிப் பிடியுங்கள். பயமாக இருந்தாலும் பரவாயில்லை. நாற்பது மார்க் வாங்கிப் பாஸ் செய்தாலும் மதிப்பெண் பட்டியலில் 'கணிதம்' என்ற வரி வந்துவிடும், பல நிபந்தனைகளுக்கு அது போதும்.

பட்டத்துக்கு அப்புறம்

ஆடிட்டர் ஆக வேண்டும் என்றால் இரண்டு வழி. பிளஸ் டூ முடித்ததும் பவுண்டேஷன் எழுதலாம். இல்லையென்றால் பட்டம் முடித்து நேரடியாக இன்டர்மீடியட். நேரடி வழிக்கு வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 60 சதவீதம் வேண்டும். சி.ஏ. எழுத பி.காம். கட்டாயம் இல்லை, ஆனால் பாடம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதால் உழைப்பு மிச்சம்.

எம்.பி.ஏ.வுக்கு எந்தப் பட்டமும் செல்லும். மூன்று வருஷப் பட்டத்தில் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. தமிழ்நாட்டில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. இரண்டுக்கும் அண்ணா பல்கலைக்கழகம் 'டான்செட்' நுழைவுத்தேர்வு நடத்துகிறது. வெளிநாட்டில் முதுகலை படிக்கும் ஆசை இருந்தால், நம்முடையது மூன்று வருஷப் பட்டம் என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல பதினாறு வருஷப் படிப்பு கேட்கும், நமக்குப் பதினைந்துதான் ஆகிறது.

அரசு வேலையில் ஒரு சங்கதியைப் பலர் கவனிப்பதில்லை. குரூப் 2 போன்ற தேர்வுகளுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆனால் ஆசிரியர் பணி, கணக்குப் பிரிவுப் பணி போன்றவற்றில் 'பி.காம்.' என்றோ 'பி.எஸ்சி. கணினி அறிவியல்' என்றோ குறிப்பிட்டுக் கேட்பார்கள். அப்போது உங்கள் பட்டத்தின் நீளமான பெயர் அதற்கு இணையானதா என்ற கேள்வி வரும். எந்தப் பட்டம் எதற்கு இணை, எது இணை இல்லை என்று தமிழ்நாடு உயர்கல்வித் துறை அவ்வப்போது அரசாணை போடுகிறது. அரசு வேலைதான் குறி என்றால் பெயர் எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பி.காம். பொது, பி.எஸ்சி. கணினி அறிவியல் என்று நேராக இருந்தால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை.

தனியார் வேலையைப் பொறுத்தவரை சென்னை, வணிகவியல் பிள்ளைகளுக்குப் பலரும் நினைப்பதைவிடத் தாராளமான ஊர். உலக வங்கியின் கணக்கு, நிதி வேலைகளில் கணிசமான பங்கு தரமணியில் உள்ள அதன் அலுவலகத்தில் நடக்கிறது. பன்னாட்டு வங்கிகள் பலவற்றின் பின்னணி அலுவலகங்களும் இங்கே இருக்கின்றன. ஐ.டி. கம்பெனிகள் பி.சி.ஏ., பி.எஸ்சி. பிள்ளைகளைத் தனியாக எடுக்கின்றன, பி.இ.யை விடக் குறைந்த சம்பளத்தில்தான். பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது என்பது அவர்களின் வழக்கமான வடிகட்டி.

இரண்டு பக்கமும் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு யோசனை. பி.காம். படித்துக்கொண்டே சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பை ஆன்லைனில் படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022இல் அனுமதித்தது. இதற்கு ஜே.இ.இ. தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும், பிளஸ் டூவில் எந்த குரூப்பும் இருந்தால் போதும், முதலில் அவர்களே பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழ், டிப்ளமோ என்று கிடைக்கும். வேலை கடுமையாக இருக்கும், வார இறுதி எல்லாம் போய்விடும். ஆனாலும் பெயருக்கு இரண்டையும் தொட்டுச் செல்லும் ஒரு கலவைப் பட்டத்தைவிட, பி.காம். பொதுவோடு இதைச் சேர்த்துப் படித்தவரின் பயோடேட்டா கனமாக இருக்கும்.

விண்ணப்பம்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம், டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. வழக்கமாக மே மாதம் திறக்கும். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும். தரவரிசைக்கு மொழிப்பாட மதிப்பெண்ணை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களை 400க்குக் கணக்கிடுவார்கள். உங்கள் மொத்தம் 600க்கு எவ்வளவு என்பது இங்கே பேச்சில்லை. தமிழில் 98 வாங்கியவர்களுக்கு வருத்தம்தான், என்ன செய்வது.

இடஒதுக்கீடு தெரிந்ததுதான்: பொது 31 சதவீதம், பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. கலந்தாய்வில் முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவு, அப்புறம் பொது. மருத்துவம், பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு கலை அறிவியல் கல்லூரிக்குப் பொருந்தாது.

உதவி பெறும் கல்லூரி, தனியார் கல்லூரி எல்லாவற்றுக்கும் அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்தில் தனித்தனி விண்ணப்பம். உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே கல்லூரியில் இருந்தாலும் சில இடங்களில் இரண்டு விண்ணப்பம் போட வேண்டியிருக்கும். இன்னொன்று, 2024-25 முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகள் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்துவிட்டன. தனியார் கல்லூரியில் சேரும் முன் அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கலந்தாய்வு நாளுக்கு ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள். பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், பதினொன்றுக்கு இருந்தால் அதுவும், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், போட்டோ, பள்ளியில் கொடுத்த இ.எம்.ஐ.எஸ். என்ற மாணவர் அடையாள எண். எல்லாவற்றுக்கும் நாலைந்து செட் ஜெராக்ஸ். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே போட்டு வையுங்கள். ரிசல்ட் வந்த வாரம் அங்கே கூட்டம் நெரியும்.

டி.சி. விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். மே மாதம் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டு, ஜூலையில் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்ததும் அங்கே போக நினைப்பவர்கள் நிறைய. முதல் கல்லூரி டி.சி.யை வைத்துக்கொண்டு "மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்" என்று சொல்வதும் நடக்கிறது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. விதியே இருக்கிறது. விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் விதி உண்டு. கேட்டும் தரவில்லை என்றால் பிள்ளையை முன்னால் அனுப்பிவிட்டு நிற்காதீர்கள். எழுத்துமூலம் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, அந்த நகலோடு யு.ஜி.சி.க்குப் புகார் அனுப்புங்கள். முத்திரை வைத்த காகிதத்துக்கு இருக்கும் மரியாதை, அலுவலக வாசலில் போடும் சண்டைக்கு இருக்காது.

பணம்

அரசுக் கல்லூரியில் இளநிலைக்குப் பயிற்றுக் கட்டணம் கிடையாது, சில்லறைக் கட்டணங்கள் மட்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும் என்ற ஏற்பாடு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இதற்குத்தான் அந்த இ.எம்.ஐ.எஸ். எண்ணும், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கும். கல்லூரியில் சேர்ந்ததும் அதேபோல யு.எம்.ஐ.எஸ். எண் ஒன்று கொடுப்பார்கள், உதவித்தொகை எல்லாம் அதை வைத்துத்தான் நகரும்.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே ஒரு இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. 2010-11இல் தொடங்கியது. இணைப்புக் கல்லூரிகளில், சுயநிதிக் கல்லூரிகள் உட்பட, சில இடங்களை ஏழை மாணவர்களுக்கு ஒதுக்குகிறார்கள். ஆதரவற்றோர், கணவரை இழந்த தாயின் பிள்ளைகள், குடும்பத்தின் முதல் பட்டதாரி போன்றோருக்கு முன்னுரிமை. பிளஸ் டூ முடிவு வந்த சில நாட்களிலேயே விண்ணப்ப நாள் முடிந்துவிடும், அதனால் பல்கலைக்கழக இணையதளத்தை ரிசல்ட் நாளிலிருந்தே பார்த்துவாருங்கள். தகுதி இருந்தும் இந்தத் திட்டம் இருப்பதே தெரியாமல் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவர்களை என்ன சொல்வது.

டொனேஷன் கேட்டால் ரசீது கேளுங்கள். நன்கொடை வசூலைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. ரசீது இல்லாத பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கல்லூரிக்கே போக முடியாத நிலை என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனம் இருக்கிறது. சேரும் வருஷத்தில் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. ஒப்புதல் இருக்கிறதா என்று மட்டும் பட்டியலில் பார்த்துவிடுங்கள். பி.காம்., பி.பி.ஏ. போன்றவற்றை அப்படிப் படிக்கலாம். கணினிப் படிப்பை லேப் இல்லாமல் படிப்பது சிரமம், வேறு வழியே இல்லையென்றால் பார்க்கலாம்.

பாடத்திட்டத்தை எண்ணும் விதம்

கல்லூரி இணையதளத்தில் துறைப் பக்கத்தில் பாடத்திட்டம் பி.டி.எஃப். ஆக இருக்கும். நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். முதலில் வரும் அட்டவணையை மட்டும் பிரின்ட் எடுங்கள். பகுதி 1 தமிழ் அல்லது வேறு ஒரு மொழி, பகுதி 2 ஆங்கிலம், இரண்டும் எல்லாருக்கும் பொது. பகுதி 4, 5இல் சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, என்.எஸ்.எஸ். போன்றவை. நமக்கு வேண்டியது பகுதி 3. அதில் கணக்கியல் தாள்களை ஒரு நிறத்திலும், புரோகிராமிங் தாள்களை வேறு நிறத்திலும், கணிதம், புள்ளியியலை இன்னொரு நிறத்திலும் கோடு போடுங்கள். இரண்டு மூன்று கல்லூரிகளின் அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெயர் வேறாக இருந்தும் நிறம் ஒன்றாக இருப்பவை எவை, பெயர் ஒன்றாக இருந்தும் நிறம் மாறுபவை எவை என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். ஐந்தாறாம் செமஸ்டரில் புராஜெக்ட் இருக்கிறதா, தியரியோடு லேப் சேர்ந்து வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் போய் லேபைப் பாருங்கள். அறுபது பேர் வகுப்புக்கு எத்தனை கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று எண்ணினால் போதும்.

சேர்ந்த பிறகு முதல் செமஸ்டர்

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் கஷ்டம்தான். கணினிப் படிப்புகள் அநேகமாக ஆங்கிலத்தில்தான். கணக்கியலில் அந்தத் தொல்லை குறைவு, எண்கள் பேசிவிடும். பற்று, வரவு, இருப்புநிலைக் குறிப்பு போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் செப்டம்பருக்குள் பழகிவிடும்.

லேப்டாப் உடனே வாங்க வேண்டுமா? பி.காம்., பி.பி.ஏ.வுக்கு அவசரம் இல்லை. பி.சி.ஏ., பி.எஸ்சி.க்கு முதல் செமஸ்டரைக் கல்லூரி லேபை வைத்தே ஓட்டலாம். வாங்கும்போது 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் மூன்று வருஷத்துக்குப் போதும். கேமிங் லேப்டாப் வேண்டும் என்று பையன் அடம் பிடித்தால் அது பாடத்துக்காக இல்லை.

நான் முதல்வன் திட்டத்தில் திறன் பயிற்சிகள் பாடத்திட்டத்தோடு சேர்ந்து வரும். பலர் வருகைப்பதிவுக்காக உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். வெளியே பணம் கட்டிப் படிக்கும் சமாச்சாரங்கள் அதில் இலவசமாக வருகின்றன, கவனித்துப் படியுங்கள்.

கடைசியாகத் தேர்வு. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் உள்மதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75. மொத்தத்தில் 40 வாங்கினால் பாஸ் என்று நினைத்துக்கொண்டு உள்மதிப்பீட்டில் 22 இருக்கிறதே என்று அசந்துவிடுகிறார்கள். செமஸ்டர் தேர்வில் தனியாக 75க்கு 30 எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அரியர். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடுவதே சிக்கலாகும், அபராதம் கட்டி எழுதவும் ஒரு எல்லை உண்டு. பி.காமில் முதல் செமஸ்டர் நிதிக் கணக்கியல், பி.சி.ஏ.வில் முதல் புரோகிராமிங் தாள், இரண்டுமே அரியர் அதிகம் விழும் இடம். அந்த ஒரு தாளுக்கு மட்டும் ஆகஸ்ட்டிலிருந்தே பழைய வினாத்தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள், சீனியர்களிடம் கட்டுக்கட்டாக இருக்கும்.